தீக்குச்சி இருக்கும்போதே

தேடிக்குக் கண் கிடையாது. அதன் காது லீலாக்காவுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடுகிறவர்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

நாகர்கோவில் பார்வதிபுரத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஆறு பேர். நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு ஒன்றே ஒன்று. மூடிப்போன ஒரு முந்திரி ஆலைக்குள் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். கும்மிருட்டு. தரை முழுக்க முந்திரித் தோடு, மிதித்தால் நொறுங்கும். உள்ளே ஒன்று சத்தத்தை வைத்து உங்களைத் தேடிக்கொண்டே நடக்கிறது. அதற்குத் தேடி என்று பெயர் வைத்திருந்தோம்.

உங்கள் கையில் ஒரு சோடா பாட்டிலும் ஒரு தீப்பெட்டியும் இருக்கும். தீப்பெட்டியில் மூன்று குச்சிகள். அவ்வளவுதான். வழி தெரிய ஒரு குச்சியைக் கிழிக்கலாம். பத்து விநாடி வெளிச்சம் கிடைக்கும். பாட்டிலைத் தூர எறிந்து தேடியைத் திசை திருப்பலாம். ஆனால் வெளிக்கதவின் சாவி தேடியின் கழுத்தில் தொங்குகிறது. அது உடுத்தியிருக்கும் சாக்கில் முந்திரி எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. அது கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது ஒரு குச்சி மிச்சமிருந்தால் கொளுத்திவிட்டுச் சாவியை எடுக்கலாம். மிச்சமில்லை என்றால் அது உங்களைப் பிடித்துவிடும்.

விளையாட்டை யோசித்தவர் ரெஜின் அண்ணன். சட்டைப்பையில் தீப்பெட்டி குலுங்கும் சத்தத்தை அவர்தான் சேர்த்தார். மூன்று குச்சி இருந்தால் ஒரு சத்தம். ஒன்று இருந்தால் வேறு சத்தம். காலிப் பெட்டிக்குச் சத்தமே கிடையாது.

"இருக்கிறவன் சத்தம் போடுவான். இல்லாதவன் பயப்படுவான். ரெண்டுக்கும் நடுவுலதான் ஆட்டமே" என்பார். சொல்லிவிட்டு, நாங்கள் பாராட்டுகிறோமா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். நாங்கள் பாராட்ட மாட்டோம்.

மற்ற விளையாட்டுகளில் இதுபோன்ற பேய்கள் எழுதிவைத்த விதிப்படி நடக்கும். இத்தனை அடிக்குள் இவ்வளவு சத்தம் கேட்டால் வா, இல்லாவிட்டால் போ. ரெஜின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த மாதிரிப் பேயை நம்ம ஊர்ப் பயலுவ ரெண்டே நாள்ல ஏமாத்திருவானுவ. எனக்கு நிஜமான காது வேணும்" என்று சொல்லி ஊரெல்லாம் விசாரித்தார். அப்படித்தான் லீலாக்கா வந்தார்.

முழுப் பெயர் லீலாபாய். வயது ஐம்பத்து நான்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். டெலிபோன் போர்டு தானாக இயங்குவதாக மாறியபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவுடன், "எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க தம்பி. நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க அக்கா. ஆலைக்குள்ள ஒரு ஆள் ஒளிஞ்சு நடக்கும். அது மிதிக்கிறது, மூச்சு விடுறது, எல்லாம் உங்களுக்குக் கேட்கும். இந்த ஜாய்ஸ்டிக்க அசைச்சா தேடி நடக்கும். நீங்க போய்ப் பிடிக்கணும்."

"பிடிச்சா?"

"நீங்க கேட்ட சத்தத்தையும் அதுக்கு உங்க கை என்ன செஞ்சுதுன்னும் மெஷின் சேர்த்துச் சேர்த்துப் படிக்கும். ஆறு மாசத்துல நீங்க இல்லாமலே உங்கள மாதிரி நடக்கும்."

"அப்ப என்னை வீட்டுக்கு அனுப்புறதுக்குத்தான் என்னைய வேலைக்கு எடுத்திருக்கீங்க."

ரெஜின் அண்ணன் ஹெட்ஃபோன் வயரை இழுத்துச் சரி செய்தார். லீலாக்கா சிரித்துவிட்டார். "பரவால்ல தம்பி. முதல்லயே சொல்லிட்டீங்கல்லா. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லவே இல்ல."

ஒளிந்து நடக்கும் ஆள் நான். சத்தமில்லாமல் நடப்பேன், தேவையில்லாமல் பேச மாட்டேன். அதனால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. பக்கத்து அறையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் மைக் வைத்த ஹெட்ஃபோனும். நான் நிஜமாக விடும் மூச்சு விளையாட்டுக்குள் போய் லீலாக்காவின் காதில் விழும். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை அவர் என்னைத் தேடினார், நான் ஒளிந்தேன். இடையில் ஒரு டீயும் ஏத்தங்காய் அப்பமும்.

"சஜினி, நீ தும்மல அடக்குற சத்தம் தும்முற சத்தத்தை விடப் பெருசு பிள்ளே" என்பார். "உனக்குத் தும்மணும்னா தும்மிரு. நான் ஒரு நிமிஷம் பொறுத்து வாறேன்."

ஒரு நாள் மதியம் தேடியின் அலறலைப் பதிவு செய்தார்கள். அதுவும் லீலாக்காவின் குரல்தான். தீப்பிடிக்கும்போது கத்த வேண்டும். முதல் ஏழு தடவையும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாவது தடவை கத்தினார். கீழே டைல்ஸ் கடைக்காரர் படியேறி ஓடி வந்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

ஆறு மாதம் முடிந்தது. தேடி தானாக நடக்க ஆரம்பித்தது. வெளியாட்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு விளையாட வைத்தோம். ஒரு வாரம் கழித்து ரெஜின் அண்ணன் லீலாக்காவையும் என்னையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"பெங்களூர்ல மிருதுளா மேடம் பார்த்துட்டாங்க. அவங்கதான இத வாங்கி வெளியிடப் போறவங்க. 'விளையாட்டு முடியவே மாட்டேங்குது' அப்படிங்கிறாங்க."

"முடியலேன்னா?"

"பாதிக்கு மேல ஆளுங்க தேடியக் கொளுத்த மாட்டேங்கிறாங்க அக்கா. கொளுத்தாம சாவி கிடைக்காது. கையில குச்சி வச்சுக்கிட்டே ஆலையச் சுத்திச் சுத்தி வாறாங்க. அப்புறம் ஹெட்ஃபோனக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போறாங்க. ஒரு பயல் எங்கிட்டயே வந்து, 'அது பாவம்ணே'ங்கிறான். பயங்காட்டுற விளையாட்டு அக்கா இது!"

"ஏன் பாவம்னு தோணுது?"

ரெஜின் அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினார். "இத வாசிச்சுச் சொல்லு சஜினி."

நான் வாசித்தேன். முதல் ஆட்டத்தில் குச்சியும் பாட்டிலும் தீர்ந்து வெறுங்கையோடு நின்றவர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரிடமும் தேடி இரண்டடி தூரம் வரை வந்திருக்கிறது. நின்றிருக்கிறது. திரும்பிப் போயிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் அவர்களில் இருபத்தாறு பேர் குச்சி இருந்தும் அதைக் கொளுத்தவில்லை.

"தேடிக்கு ஆளுங்க பையில என்ன இருக்குன்னு நான் சொல்லவே இல்ல" என்றார் ரெஜின் அண்ணன். "அதுக்குப் போறது சத்தம் மட்டும்தான். பெட்டி குலுங்கலேன்னா சுலபமாப் பிடிக்கலாமே, அப்புறம் ஏன் ஒண்ணும் இல்லாதவங்களா பார்த்து விட்டுட்டுப் போகுது? மெஷின்ல எங்க தப்புன்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன்."

லீலாக்கா குறுக்கிட்டார். "மெஷின்ல தப்பில்ல தம்பி. அது நான்தான்."

"என்னது?"

"கையில ஒண்ணும் இல்லாதவங்க நிக்குறது தனியாக் கேட்கும். குச்சி இருந்தா ஆள் நடக்கும், நிக்கும், யோசிக்கும், திரும்பவும் நடக்கும். தீர்ந்து போச்சுன்னா சுவரோட ஒட்டிக்கும். மூச்சு மேலயே நிக்கும், உள்ள இறங்காது. அந்தச் சத்தம் வந்தா நான் திரும்பிருவேன். வேணும்னு செய்யல. கை தானாத் திரும்பிரும்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் நல்லா ஒளிஞ்சதால நீங்க என்னைப் பிடிக்காம விடலையா?"

"நீயா? உன் மூச்சு கல்யாண வீட்டு ஜெனரேட்டர் மாதிரிக் கேட்கும் மக்களே."

ரெஜின் அண்ணன் சிரிக்கவில்லை. "ஏன் அக்கா? இது விளையாட்டுல்லா?"

"விளையாட்டுன்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே." அவர் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரியில வெளிய போற லைன் எட்டுதான். உள்ளயிருந்து கேட்கிறவங்க அறுபது பேர். வரிசைப்படிதான் குடுக்கணும்னு சட்டம். ஒருத்தர் லைன் வந்ததும், 'என்னம்மா இவ்வளவு நேரம், நான் யாரு தெரியுமா'ன்னு கத்துவார். அவருக்குக் கையில நிறைய இருக்கு. கத்துறதுக்குத் தெம்பு இருக்கு, பேரு இருக்கு. இன்னொருத்தி 'அம்மா'ன்னு மட்டும் சொல்லிட்டு நிப்பா. அதுக்கு மேல வராது. ஊர்ல ஆளக் கூப்பிட்டு ரத்தத்துக்குச் சொல்லணும், இல்ல முடிஞ்சு போச்சுன்னு சொல்லணும். அவளுக்குத்தான் நான் முதல்ல குடுப்பேன். வரிசையாவது ஒண்ணாவது. எத்தனையோ தடவை எழுதிக் கேட்டாங்க, விளக்கம் குடுன்னு. என்ன விளக்கம் குடுக்க? கேட்டுச்சு, குடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் தம்பி. காது வேணும்னு கூட்டிட்டு வந்தீங்க. காது தனியா வருமா?"

டைல்ஸ் கடையில் கல்லறுக்கும் மிஷின் ஓடி நின்றது.

ரெஜின் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நான் இத ஒளிக்கல. பெங்களூர்க்காரங்ககிட்ட ரெடிமேடா ஒரு காது இருக்கு. எந்தச் சத்தம் கேட்டாலும் பாயும். வெறுங்கையா நிக்குறது யாரு, கிழவனா குழந்தையா, எதுவும் பார்க்காது. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம தேடிய சரி பண்ணலைன்னா நம்மத எடுத்துட்டு அதப் போட்டுருவாங்க. உங்க ஆறு மாசமும் குப்பைக்குப் போயிரும்."

"சரி பண்றதுன்னா எப்படி?"

"வெறுங்கையா நின்னவங்கள விட்டுட்டுப் போன கணக்கு இப்ப முப்பத்தொண்ணு. அது பூஜ்யம் ஆகணும். தேடிய ஆளுங்க கொளுத்தணும். ரெண்டும்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"ரெண்டும் நடக்கும். நாளைக்குக் காலையில இருந்து சஜினியத் திரும்ப ஒளிய வையுங்க, மெஷின் புதுசாப் படிக்கட்டும்."

அன்று மாலை படியிறங்கும்போது லீலாக்காவின் கை என் தோளில் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. முப்பத்தொரு பேரை விட்டவர், ஒரு வார்த்தை சொன்னதும் சரி என்றுவிட்டாரே என்று இருந்தது. பஸ் வந்ததும் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் முதல் ஆட்டம். இருட்டில் நான் இரண்டடிதான் வைத்திருப்பேன். பையில் மூன்று குச்சிகளும் குலுங்குகின்றன. திடீரென்று தோடு நொறுங்கும் சத்தம் என்னை நோக்கி நேராக வந்தது. தேடி இப்படி வந்ததே கிடையாது. எப்போதும் சுற்றி வளைத்து, நின்று, கேட்டுக் கேட்டு வரும். இது ஓடி வந்தது. பயத்தில் என் கை தானாகக் குச்சியைக் கிழித்தது. கைக்கெட்டும் தூரத்தில் சாக்கு பற்றிக்கொண்டது. லீலாக்காவின் அலறல் என் இரண்டு காதுகளையும் நிறைத்தது.

அது அவருடைய ஹெட்ஃபோனிலும் கேட்டிருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அடுத்தது போடு பிள்ளே."

அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். மத்தியானத்துக்குள் முப்பது தடவை எரித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன்பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அக்கா, நீங்க ஏன் இப்படி ஓடி வாறீங்க? குச்சி தீருற வரைக்கும் காத்திருந்தா சுலபமாப் பிடிக்கலாமே. நான் ஒண்ணும் பண்ண முடியாதுல்லா."

"அதான் மக்களே."

"எது அதான்?"

"குச்சி தீர்ந்த பிறகு வந்தா நீ வெறுங்கையோட நிப்ப. உன்னப் பிடிக்கணும். நான் பிடிக்க மாட்டேன், அது எனக்கு வராது. பெட்டி குலுங்குற சத்தம் இருக்கும்போதே வந்துட்டேன்னா?"

நான் யோசித்தேன். புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"நான் உங்களக் கொளுத்திருவேன்."

"கொளுத்துவ. சாவி எடுப்ப. கதவத் திறந்து போயிருவ. வெறுங்கையா நின்னவங்கன்னு ஒருத்தருமே இருக்க மாட்டாங்க. அப்ப ரெஜின் தம்பியோட கணக்கு என்ன?"

"பூஜ்யம்."

"அவங்க கேட்டது ரெண்டும் ஆச்சு. வேற காதும் வராது." டிபன்பாக்ஸ் மூடியைத் திறந்தார். "சுத்தி வளைச்சு வந்தா உங்களுக்குப் பாவம்னு யோசிக்க நேரம் கிடைச்சிரும். ஓடி வந்தாத்தான் பயப்படுவீங்க. பயந்தாத்தான் கிழிப்பீங்க. மீன் கறி கொண்டாந்திருக்கேன், வேணுமா?"

என்னால் சாப்பிட முடியவில்லை. "ஒவ்வொரு தடவையும் உங்க சத்தத்த நீங்களே கேட்கணுமே அக்கா."

"அன்னைக்கு எட்டாவது தடவை கொஞ்சம் மெதுவாக் கத்தியிருக்கலாம்" என்றார்.

நான்கு நாளில் நானூறு ஆட்டம். கடைசி நாள் மதியத்துக்கு மேல் என் கை கிழிக்க மறுத்தது. தேடி என் முன்னால் வந்து நின்றது. நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். பிறகு லீலாக்கா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"உனக்கு இரக்கம் வந்தா நீ நாலு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருக்கலாம். மெஷின் இதையும் படிக்கும் கேட்டியா? குச்சி இருந்தும் ஆள் கொளுத்தாதுன்னு படிச்சிட்டா அது நின்னுட்டே இருக்கும். திரும்பவும் முப்பத்தொண்ணு வரும். வேற காது வரும். அது யாரையும் விடாது." குரலில் கோபம் இருந்தது. அதற்கு முன் நான் அவரிடம் கோபத்தைக் கேட்டதில்லை. "என்னைய நினைக்காத. அந்தச் சுவரோட ஒட்டி நிக்குற பிள்ளைய நினை."

நான் கிழித்தேன். அன்று மட்டும் இன்னும் ஐம்பத்தேழு தடவை.

புதுத் தேடியை வைத்து வேறு நாற்பது பேர் விளையாடினார்கள். ஒருவர்கூடப் பாவம் என்று சொல்லவில்லை. ஒரு பெண் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தாள். ஒரு பையன், "செம பேய்ணே, பார்த்த உடனே எரிச்சுட்டேன்" என்றான். நாற்பது பேரும் விளையாட்டை முடித்திருந்தார்கள். ரெஜின் அண்ணன் திரையில் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வெறுங்கையர்களை விட்டது: பூஜ்யம். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கர்சர் மெல்ல நகர்ந்து இன்னொரு வரிசையில் போய் நின்றது. எரிக்கும்போது பெட்டியில் இருந்த குச்சிகள்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. கடைசிவரை அப்படியே.

அவர் நாற்காலியைத் திருப்பி, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த லீலாக்காவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் அந்த வரிசையை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார். என்னிடம், "டீ சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மிருதுளா மேடம் நேரிலேயே வந்துவிட்டார். சுத்தமான தமிழ் பேசினார். "எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. நானே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்றார். விளையாட என்னை உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்கள். லீலாக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில். இது மெஷின் நடத்தும் தேடி. அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஆலை இருண்டது. நான் நடந்தேன். பத்தடிகூட வைத்திருக்க மாட்டேன், அது வந்துவிட்டது. மேடம் தன்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினார். நான் பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்தேன்.

எடுத்தபின் கை நகரவில்லை.

தேடி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. என்னைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. இருட்டில் அதன் சாக்கு உரசும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் அது படித்திருந்தது: திரையில் நிழலாகத் தெரிந்த தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டது. போனில் யாராவது பேசத் தயங்கினால் லீலாக்கா அப்படித்தான் சாய்ப்பார்.

"ஏன் நிற்கிறது? கோளாறா?" என்று மேடம் கேட்டார்.

ரெஜின் அண்ணன் லீலாக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

என் முழங்கையில் லீலாக்காவின் விரல்கள் பட்டன. என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பத்த வை பிள்ளே. காத்துக்கிட்டு நிக்குதுல்லா."

கிழித்தேன்.

அந்த அலறல் அறை முழுக்க நிறைந்தது. மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அப்புறம் சிரித்தார். "அப்பா! என்ன ஒரு குரல். இந்த இடம் வருவதற்காகத்தான் அப்படி நிற்க வைத்தீர்களா? அருமை." பேனாவைத் தேடினார். ரெஜின் அண்ணன் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

திரையில் நெருப்பு அடங்கியது. சாவியை எடுத்தேன். வெளிக்கதவு திறந்து, வெயில் உள்ளே விழுந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். ஆட்டத்துக்குள் நான் ஆலை வாசலில் அப்படியே நின்றிருந்தேன்.

லீலாக்கா கொஞ்ச நேரம் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் வரவில்லை.

"என்ன பிள்ளே, கதவு திறக்கலையா?"

"திறந்துட்டுது அக்கா."

"அப்ப ஏன் இன்னும் உள்ள நிக்குற? போ."

நான் போனேன்.